பெயர் மாறி வாழ்ந்த கொடி

சிலி தேசத்தின் தலைநகரான சாந்தியாகோவில் நண்பர் ஒருவர் இராச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார். வெறும் சாப்பாடு அல்ல. எட்டுப் பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, தென் அமெரிக்கத் திராட்சை மதுக்களை ஒவ்வொன்றாகச் சுவைத்து, இது இன்ன கொடியின் சரக்கு என்று சொல்ல வேண்டும். புட்டிகளுக்கெல்லாம் துணியால் முக்காடு போட்டிருந்தது. நான் அந்தப் பக்கம் போகிறவன் அல்லன். ஆகவே என் முன்னால் எலுமிச்சம்பழச் சாற்றை வைத்து, நடுவர் பதவியையும் கொடுத்துவிட்டார்கள். குடிக்காதவன் தீர்ப்பில் கோளாறு வராது என்று எண்ணினார்கள் போலும்!

முகர்ந்து பார்க்க எனக்குத் தடையில்லை அல்லவா? முதலில் வந்த வெள்ளை மதுவில் மல்லிகையைப் போல ஒரு வாசனை வீசியது. அர்ஜென்டினாவின் தொர்ரோந்தேஸ் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள், பூசைக்கு மது வேண்டுமே என்று, ஒரு கறுப்புத் திராட்சைக் கொடியை அட்லாண்டிக் கடல் தாண்டிக் கொண்டு வந்தார்கள். அதற்கும் அலெக்சாந்திரியா மஸ்கத் என்ற வாசனைக் கொடிக்கும் பிறந்த பிள்ளைதான் தொர்ரோந்தேஸ். தென் அமெரிக்க மண்ணிலேயே பிறந்தது.

அடுத்தது மால்பெக். பிற்காலத்தில் அர்ஜென்டினாவின் ஜனாதிபதியான சர்மியெந்தோவின் தூண்டுதலால், பூஷே என்ற பிரெஞ்சுக்காரர் 1853-ல் மெந்தோசாவுக்கு வந்து பிரெஞ்சுக் கொடிகளை வளர்க்கத் தொடங்கினார். அவற்றில் ஒன்று இது. அப்புறம் வந்த உருகுவே நாட்டுத் தன்னா, நாக்கைக் கடுக்காய் போலப் பிடித்து இழுக்கும் என்றார்கள். நான் நம்பிக்கொண்டேன்.

நாலாவது புட்டி வருவதற்குள் எம்பனாதாக்கள் வந்து சேர்ந்தன. நம் சோமாசிக்கு ஒன்றுவிட்ட தம்பி. உள்ளே தேங்காய்ப் பூரணத்துக்குப் பதிலாக இறைச்சியும் வெங்காயமும். சிவப்பு மதுவை ஊற்றியதும் ஒரு பெரியவர் கோப்பையைச் சுழற்றி, மூக்கை நுழைத்து, "மெர்லோ. சந்தேகமே இல்லை" என்றார். பக்கத்திலிருந்த அம்மாள், "குடைமிளகாய் நறுக்கினாற்போல் வாசனை வருகிறதே?" என்றாள். துணியை எடுத்தால், சீட்டில் "கார்மெனேர்" என்றிருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்காரர் மட்டும், "சிரிக்காதீர்கள்! 1994 வரையில் இந்த நாடே இதை மெர்லோ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது" என்றார்.

கார்மெனேருக்குச் சொந்த ஊர் பிரான்சிலுள்ள போர்தோ. இலையுதிர் காலத்தில் அதன் இலைகள் குங்குமச் சிவப்பாகிவிடும். பெயரே அந்த நிறத்திலிருந்து வந்தது என்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சிலியின் செல்வர்களுக்குப் பிரெஞ்சு மோகம் பிடித்தது. மாளிகை, உடுப்பு, பாஷை எல்லாம் பாரிஸ் மாதிரி இருக்க வேண்டும். தோட்டத்துத் திராட்சை மட்டும் பழைய பாதிரிமார் கொடியாக இருக்கலாமா? சில்வெஸ்த்ரே ஒச்சகாவியா என்பவர் 1851-ல் பிரெஞ்சுக் கொடிகளை வரவழைத்தார். மற்றவர்களும் தொடர்ந்தார்கள். மெர்லோவும் கார்மெனேரும் வந்து, நாளடைவில் ஒரே தோட்டத்தில் ஒரே வரிசையில் கலந்து நின்றன.

அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள் பிரான்சுக்குச் சனி பிடித்தது. கொடிகள் காரணம் தெரியாமல் வாடிச் செத்தன. 1868-ல் பிளான்ஷோன் என்ற தாவர சாஸ்திரியும் அவருடைய கூட்டாளிகளும் வேரைத் தோண்டிப் பார்த்தபோது, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான மஞ்சள் பூச்சிகள் அப்பியிருந்தன. ஃபிலாக்சரா என்ற அந்தப் பூச்சி வட அமெரிக்கக் கொடிகளோடு கப்பலேறி வந்தது. வியாதி வந்த இடத்திலிருந்தே மருந்தும் வந்தது. பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்க்கொடியில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக் கட்டினார்கள். ஆனால் நொடித்துப்போன குடியானவன், மறுபடி எதை நடுவான்? வசந்தத்தில் கொஞ்சம் குளிரும் ஈரமும் இருந்தால் கார்மெனேரின் பூக்கள் பிஞ்சு பிடிக்காமல் உதிர்ந்துவிடும். அதைக் கைகழுவிவிட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போர்தோவில் கார்மெனேர் அநேகமாக அற்றுப்போயிற்று.

சிலிக்கோ வடக்கே அதகாமா பாலைவனம், கிழக்கே ஆண்டீஸ் மலை, மேற்கே மகா சமுத்திரம், தெற்கே பனிப் பாறை. இந்தக் கோட்டைக்குள் ஃபிலாக்சரா இன்றுவரை காலூன்றவில்லை. கார்மெனேர் பிழைத்தது, பெயர்தான் பிழைக்கவில்லை. தோட்டக்காரர்கள் அதையும் மெர்லோ என்றே நினைத்து, மெர்லோ பழுத்ததும் சேர்த்துப் பறித்தார்கள். கார்மெனேர் பழுக்க மேலும் மூன்று நாலு வாரம் வேண்டும். குடைமிளகாய் வாசனை, பழுக்காததைப் பறித்த வாசனை! சிலி மெர்லோ ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு, மண்ணின் குணம் என்று பதில் கிடைத்தது. எந்த ஊரிலும் மண்ணின் குணம் என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு கேள்வி கிடையாது.

1994 நவம்பர் 24-ஆம் தேதி, மைப்போ பள்ளத்தாக்கிலுள்ள கார்மென் என்ற கம்பெனியின் தோட்டத்துக்கு மோன்பெலியே நகரத்துக் கொடி நிபுணர் புர்சிக்கோ வந்தார். அங்கே அது வசந்த காலம், கொடிகள் பூத்திருந்தன. கோப்பையை முகர்ந்தவர்களெல்லாம் கோட்டைவிட்ட இடத்தில், அவர் பூவைப் பார்த்தார். மகரந்தத் தாள்கள் நேராக நில்லாமல் முறுக்கிக்கொண்டிருந்தன. "இது மெர்லோ அல்ல, கார்மெனேர்" என்றார். பின்னால் மரபணுச் சோதனையும் அதையே சொல்லிற்று.

வியாபாரிகள் நிலைமையை எண்ணிப் பாருங்கள். மெர்லோ என்ற பெயருக்கு வெளிநாட்டில் கிராக்கி. கார்மெனேர் என்றால் யாருக்குத் தெரியும்? கார்மென் கம்பெனியே முதலில் "கிராந்த் விதூர்" என்ற அதன் பழைய போர்தோப் பெயரைத்தான் சீட்டில் அச்சிட்டது. மெள்ள மெள்ளக் கொடிகளை இனம் பிரித்து, பழுக்கும்வரை காத்திருந்து பறித்ததும் மிளகாய் வாசனை தணிந்தது. பிறகு சொந்தப் பெயரையே துணிந்து போட்டார்கள்.

வட இத்தாலியிலும் இதே கொடி கபெர்னே பிராங் என்ற பெயருக்குள் ஒளிந்திருந்ததாகப் பிற்பாடு தெரிந்தது. போர்தோவிலேயே சில தோட்டக்காரர்கள் இப்போது அதை மறுபடி கொஞ்சம் நட்டிருக்கிறார்கள். அதற்குப் புது உத்தரவு ஒன்றும் வாங்க வேண்டியிருக்கவில்லை. போர்தோவின் சிவப்பு மதுவுக்கு அனுமதிக்கப்பட்ட கொடிகளின் ஜாபிதாவில், கார்மெனேரின் பெயர் அடிபடாமல் அப்படியே இருந்தது.