உயரம் அறியாத ரேடார்

திருவல்லிக்கேணிக் கடற்கரையில் இரவில் நின்று வானத்தைப் பாருங்கள். இரு விமானங்களின் விளக்குகள் சில வேளை உரசிக்கொள்வதுபோல் தோன்றும். அவற்றின் உயர வேறுபாடு நம் கண்ணுக்குத் தெரியாது. 1996-இல் தில்லி விமான நிலைய ரேடாருக்கும் இதே குறை இருந்தது.

அது முதல்நிலை ரேடார். தான் அனுப்பும் ரேடியோ அலை விமானத்தில் பட்டுத் திரும்புவதைக் கொண்டு திசையையும் தொலைவையும் மட்டுமே காட்டும். உயரத்தை விமானிதான் வாயால் சொல்லவேண்டும்.

அவ்வாண்டு நவம்பர் 12 மாலை, தில்லியிலிருந்து கிளம்பிய சவூதி விமானம் 14,000 அடிவரை ஏற அனுமதி பெற்றது. அதே பாதையில் எதிரே வந்த கஜகஸ்தான் விமானம் 15,000 அடிக்குக் கீழே இறங்கக் கூடாது. ஆனால் இறங்கிவிட்டது. ரேடார் திரை இதைக் காட்டவில்லை. ஹரியானாவிலுள்ள சர்க்கி தாத்ரி அருகே இரண்டும் மோதின. 349 பேர் மாண்டனர், ஒருவரும் பிழைக்கவில்லை.

பிறகு தில்லியில் இரண்டாம்நிலை ரேடார் செயல்படத் தொடங்கியது. அது கேள்வி கேட்கும். விமானத்திலுள்ள டிரான்ஸ்பாண்டர் என்னும் கருவி தன் உயரத்தைப் பதிலாக அனுப்பும். இதே கேள்வியை ஒரு விமானம் மற்றொன்றிடம் கேட்பதுதான் மோதல் தவிர்ப்புக் கருவி. பதில் வர ஆகும் நேரத்திலிருந்து அது தொலைவைக் கணக்கிடுகிறது. தொலைவு 10 கிலோமீட்டர், அது வினாடிக்கு 400 மீட்டர் குறைகிறது என்றால், மீதம் 25 வினாடிதான்! உடனே ஒரு விமானியை ஏறச் சொல்லும். மற்றவரின் கருவி அவரை இறங்கச் சொல்லும்.

இக்கருவியை இந்தியா கட்டாயமாக்கியது. வாய்ச்சொல்லை மட்டுமே நம்பியிருந்த இடத்தில் அளவீடு வந்து சேர்ந்தது. அதற்கு நாம் கொடுத்த விலைதான் மிகப் பெரிது.