எழுத்து எபிரேயம், பொருள் தாய்மொழி: கேரள யூதச் சிறார் கல்வியும் தம்ஸீர் மரபும்

'பள்ளி' என்னும் சொல் தமிழில் உறைவிடம், வழிபாட்டிடம், கல்விக்கூடம் என்னும் பொருள்களில் வழங்கி வந்துள்ளது. சமண முனிவரின் உறைவிடம் பள்ளி எனப்பட்டது. புதுக்கோட்டை மாவட்டத்துக் காட்டுபாவா பள்ளிவாசல் என்னும் ஊர்ப்பெயரிலும் அச்சொல் நிலைத்துள்ளது. கேரளத்தில் யூதரின் தொழுகையிடத்திற்கும் யூதப் பள்ளி என்பதே பெயர். இவ்வழக்கு வெறும் சொல்லொற்றுமை அன்று. மட்டாஞ்சேரி, எர்ணாகுளம், பரவூர், சேந்தமங்கலம், மாளை ஆகிய ஊர்களில் வாழ்ந்த யூதச் சமூகங்களுக்குத் தொழுகையிடமே சிறார்க்கு எபிரேயம் கற்பிக்கும் இடமாகவும் இருந்தது. சில தொழுகையிடங்களின் மேல்தளத்தில், பெண்கள் அமரும் பகுதியை ஒட்டிச் சிறார் வகுப்பறையும் அமைந்திருந்தது.

இக்கல்வியைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் எபிரேயத்தை மட்டுமே நோக்கின. கேரள யூதரின் வீட்டுமொழி மலையாளம். அவர்கள் பெற்ற மிகப் பழைய அரசு ஆவணமான கி.பி. 1000 அளவிலான பாஸ்கர ரவிவர்மனின் செப்பேடு, ஜோசப் ரப்பானுக்கு உரிமைகள் வழங்குவது; வட்டெழுத்தில், இடையிடையே கிரந்த எழுத்துகளுடன், தமிழிலிருந்து மலையாளம் முற்றப் பிரியாத காலத்து மொழிநடையில் அமைந்தது. இத்தகைய சூழலில் வளர்ந்த குழந்தை, வீட்டிலும் தெருவிலும் ஒலிக்காத ஒரு மொழியை எவ்வாறு கற்றது என்பதே வினா.

முதற்படி எழுத்து. வலமிருந்து இடமாக எழுதப்படும் 22 எழுத்துகளையும் அவற்றோடு சேரும் உயிர்க்குறிகளையும் குழந்தை பயின்றது. ஆனால் தொழுகையில் ஓதப்படும் தோராச் சுருளில் உயிர்க்குறிகள் இடம்பெறுவதில்லை. பாடத்தையும் ஓதும் இசையையும் முன்னரே மனத்தில் இருத்தியவரே அதனைப் பிழையின்றி ஓத இயலும். தமிழ் ஓலைச்சுவடிகளைப் பயில்வோர்க்கு இந்நிலை புதிதன்று. புள்ளியிடாத சுவடியில் மெய்யையும் உயிர்மெய்யையும் பிரித்தறிந்தது கண்ணைக் காட்டிலும் நினைவே. திண்ணைப் பள்ளியின் மனனப் பயிற்சியை வெறும் ஒப்புவித்தல் எனத் தள்ளிவிடும் வழக்கமான மதிப்பீடு இதனைக் கருத்திற் கொள்வதில்லை.

ஓதத் தெரிந்த குழந்தைக்குப் பொருள் எங்கிருந்து கிடைத்தது? இங்குதான் தம்ஸீர் மரபு முதன்மை பெறுகிறது. எபிரேய மறைப்பகுதிகளைச் சொல்லுக்குச் சொல் மலையாளத்தில் பெயர்த்து வாய்மொழியாகக் கற்பிக்கும் முறை இது. அரபு மொழியில் உரையைக் குறிக்கும் தப்ஸீர் என்னும் சொல்லோடு இப்பெயர் தொடர்புடையது. தமிழ் மரபில் இதற்கு மிக நெருங்கியது பதவுரை. மூலத்தின் சொல்வரிசையைப் பின்பற்றுவதால் தம்ஸீரின் மலையாளம் அன்றாடப் பேச்சினின்று விலகியது. யூத மலையாளத்தில் தொன்மையான வடிவங்கள் தங்கியதில் இம்மரபுக்கும் பங்குண்டு. கோட்டைப்பட்டினம் முதலிய புதுக்கோட்டைக் கடற்கரை ஊர்களின் மதரசாக்களில் தமிழ்க் குழந்தைகள் அரபு எழுத்தறிந்து குர்ஆன் ஓதுவதும், அரபுத்தமிழ் நூல்கள் தாய்மொழியில் பொருள் விளக்கியதும் இதனோடு ஒப்பிட்டு ஆராயத்தக்கன.

சிறுமியரும் எபிரேயம் வாசிக்கக் கற்றனர் என்பது கேரள யூதரிடம் குறிப்பிடத்தக்க செய்தி. அவர்களின் கல்வி வகுப்பறையோடு முடியவில்லை. திருமணத்திலும் பண்டிகையிலும் பெண்கள் பாடிய மலையாளப் பாடல்களில் ஆபிரகாம், யோசேப்பு, மோசே ஆகியோரின் கதைகள் இடம்பெற்றன. எபிரேயச் சொற்களும் கலந்து வந்தன. இறைவன் தம்பிரான் எனப்பட்டான். மலையாள எழுத்தில் எழுதிய நோட்டுப் புத்தகங்களாக இவை தாயிடமிருந்து மகளுக்குச் சென்றன. மரபறிவைத் தொழுகையிடத்துக்குள் மட்டும் தேடுவோர் இவற்றைத் தவறவிடுவர்.

கற்றல் சமத்துவத்தை உறுதிசெய்யவில்லை என்பதையும் பதிவு செய்தல் வேண்டும். மட்டாஞ்சேரி பரதேசித் தொழுகையிடத்தில், விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழியினர் எனக் கருதப்பட்டோர்க்கு முழு உரிமை மறுக்கப்பட்டது. வழக்கறிஞர் ஏ.பி. சேலம் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இதனை எதிர்த்து அறப்போர் நடத்தினார். மறையை ஓத அறிந்தவர்க்கும் ஓதும் தகுதி பிறப்பால் தடுக்கப்பட்ட கதை தமிழகத்துக்குப் பழக்கமானதே.

வெளியிலிருந்து வந்த முயற்சிகள் வேறு நோக்கின. 1820களில், சென்னையில் கிறித்தவம் தழுவிய கொச்சி யூதர் மைக்கேல் சார்கன், மிஷனரிகளின் சார்பில் யூதச் சிறார்க்குக் கல்வி அளித்தார். பம்பாயில் ஜான் வில்சன் 1832இல் எபிரேய இலக்கணத்தை மராத்தியில் வெளியிட்டார். பெனே இஸ்ரவேலரும் இம்முயற்சிகளைப் பயன்படுத்திக்கொண்டனரேயன்றிப் பெரிதும் மதம் மாறவில்லை. 1875இல் ஹயீம் சாமுவேல் கெஹிம்கர் அவர்களுக்கெனத் தனிப்பள்ளி நிறுவினார். பின்னாளில் சர் எல்லி கடூரி பள்ளி எனப் பெயர் பெற்றது அதுவே. மிஷனரியின் இலக்கணமாயினும் கொச்சியின் தம்ஸீராயினும், எபிரேயம் குழந்தையைச் சென்றடைந்தது உள்ளூர் மொழியின் வழியாகவே.

1950களின் நடுப்பகுதியில் கேரள யூதருள் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். நெவாத்திம், மெசிலத் சியோன் முதலிய வேளாண் குடியிருப்புகளில் வாழ்ந்தனர். அங்குப் பிறந்த குழந்தைகளுக்கு எபிரேயம் தெருவின் மொழி, தம்ஸீர் தேவைப்படவில்லை. விளக்கம் வேண்டியது மலையாளத்திற்கே ஆயிற்று. பெண்களின் பாடல்களை ஸ்கரியா சக்கரியாவும் ஓஃபிரா காம்லியேலும் 2005இல் 'கார்குழலி' என்னும் பெயரில் எருசலேமில் பதிப்பித்தபோது, மலையாள மூலத்தோடு எபிரேய மொழிபெயர்ப்பையும் சேர்த்தே அச்சிட நேர்ந்தது.