தரங்கம்பாடியில் அச்சேறிய தோட்டம்

செகிஞ்சானில், வயல் வரப்பை ஒட்டிய எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு வேதப் புத்தகம் இருக்கிறது. கறுப்பு அட்டை. முதுகு கிழிந்ததைத் தாத்தா சாக்கு ஊசியால் தைத்து வைத்திருக்கிறார். விளிம்புச் சிவப்பு வெளுத்துப் பழுப்பாகிவிட்டது. மூடி வைத்திருக்கும்போதே பக்கவாட்டில் பார்த்தால் தெரியும், முதல் சில தாள்கள் மட்டும் கறுத்து, மூலை மடங்கி, எண்ணெய் ஏறி இருப்பது. ஆதியாகமத்தின் முதல் மூன்று அதிகாரங்கள் அவை. ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் பாட்டி அங்கிருந்துதான் தொடங்குவார். லேவியராகமம் வருவதற்குள் வேலை நெருக்கும், வாசிப்பு நின்றுபோகும். அடுத்த ஜனவரியில் மறுபடியும் ஆதி. இப்படியே வருடங்கள் ஓடியதில் ஆதாம் ஏவாள் கதை எங்கள் வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம்.

அந்தச் சில தாள்கள் எங்கே புறப்பட்டு, யார் யார் கை மாறி, கோல சிலாங்கூர்ப் பால்மரக் காட்டுக்குள் வந்து சேர்ந்தன என்று தேடிப் பார்த்தேன்.

1706 ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடியில் வந்திறங்கினார் பர்த்தலோமேயு சீகன்பால்கு. டேனிஷ் அரசர் அனுப்பிய ஜெர்மானியர். சிறுபிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் தமிழ் எழுத்துப் பழகியவர். ஹாலே நகரத்தில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்தன. அவற்றைக் கொண்டு அடித்தால் காகிதம் கட்டாது என்று தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். 1715இல் புதிய ஏற்பாடு வெளிவந்தது. பிறகு பழைய ஏற்பாட்டைக் கையில் எடுத்தார். ரூத் வரை வந்திருந்தபோது, 1719 பிப்ரவரி 23இல், 36 வயதில் இறந்துபோனார். மிச்சத்தை முடித்தவர் பெஞ்சமின் சூல்ட்சே. 1723இல் முதல் பகுதி அச்சேறியது. மண்ணிலிருந்து மனிதன் உருவானதும், அவன் கனியைத் தின்று வெளியேறியதும் வேதத்தில் உள்ளபடியே தமிழ் அச்சில் வந்தது அந்தக் கடற்கரையில்தான்.

பெயர்கள் மட்டும் அதற்கு முன்பே வந்துவிட்டன. 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்ட அண்ட்ரிக் அடிகளார் காலத்திலேயே போர்த்துக்கீசியக் குருக்களோடு ஆதாமும் ஏவாளும் முத்துக்குளித்துறையில் கரையேறியிருந்தார்கள். எபிரேயத்தில் அவள் பெயர் உயிரோடு தொடர்புடைய சொல். அது ஐரோப்பிய மொழிகளில் ஏவா ஆகி, தமிழுக்கு வந்ததும் 'ஆள்' விகுதி ஏற்று ஏவாள் ஆனது. இலக்கணம் தெரிந்தவர்கள் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம் இது. 'ஏவு' என்ற வினையின் எதிர்மறையாகப் படித்தால், ஏவாள் என்றால் 'அவள் ஏவ மாட்டாள்' என்று பொருள். புருஷனை ஏவிவிட்டவள் என்று உலகமே பழி சொல்லும் பெண்ணுக்குத் தமிழில் வாய்த்த பெயர் அதை மறுக்கிறது. தற்செயல்தான். ஆனாலும் எனக்கு அந்தத் தற்செயல் பிடித்திருக்கிறது.

படைத்தவருக்கும் ஒரே பெயர் நிலைக்கவில்லை. சீகன்பால்கு சருவேசுரன் என்றார். அவருக்குப் பின் வேப்பேரியில் பல்லாண்டுகள் உட்கார்ந்து வேதத்தைத் திருத்திய பப்ரிசியஸ் பராபரன் என்றார். யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவல் ஒரு மொழிபெயர்ப்பை நடத்தினார். அதில் அவருக்குத் துணை நின்றவர் ஆறுமுக நாவலர். 1850இல் அது வெளிவந்தது. நாலு வருடம் கழித்து 'சைவதூஷண பரிகாரம்' எழுதிக் கிறிஸ்தவப் பிரசாரத்தை நேருக்கு நேர் எதிர்த்தவரும் அதே நாவலர்தான். தான் ஏற்காத நம்பிக்கையின் நூலானாலும் தமிழ் நல்ல தமிழாக இருக்க வேண்டும் என்று உழைத்திருக்கிறார். பப்ரிசியஸ் வழியையும் யாழ்ப்பாண வழியையும் சேர்த்து, ஹென்றி பவர் தலைமையில் ஒரு குழு 1871இல் கொண்டுவந்ததே ஐக்கிய மொழிபெயர்ப்பு. அதில் தேவன். இருபதாம் நூற்றாண்டில் கடவுள். எங்கள் வீட்டுப் பிரதி பவர் வழி வந்தது. ஆனால் பாட்டி ஜெபம் பண்ணும்போது பராபரனே என்றுதான் கூப்பிடுவார். பழைய பாட்டுகளில் ஊறிய நாக்கு அது.

தாத்தாவின் ஊர் தரங்கம்பாடிக்குப் பக்கம். 1938இல் இந்திய அரசு தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதை நிறுத்தியது. அதற்குச் சற்று முன்னால் நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறியவர் அவர். தகரப் பெட்டியில் இரண்டு வேட்டி, ஒரு செம்பு, இந்தப் புத்தகம். புத்தகத்தை வேட்டிக்குள் சுற்றிக் கொண்டுவந்ததால்தான் உப்புக்காற்றில் தப்பியது என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

கரை சேர்ந்த பிறகு, அச்சில் ஒரு எழுத்துகூட மாறாமலே கதை மாறியது.

காரணம் ஒரே ஒரு சொல். ஏதேன் தோட்டம். தஞ்சாவூர்க்காரனுக்குத் தோட்டம் என்றால் கொல்லையில் கத்தரியும் அவரையும் போட்ட இடம். மலாயாத் தமிழனுக்குத் தோட்டம் என்றால் எஸ்டேட். துரை, கிராணி, தண்டல், லயம், விடியுமுன்னே பெரட்டு. கடவுள் தோட்டத்தை உண்டாக்கி, மனிதனை அதில் வைத்து, பண்படுத்தவும் காக்கவும் சொன்னார் என்று பாட்டி வாசித்தபோது லயத்துப் பிள்ளைகள் கண்முன் வந்தது நிரை நிரையாக நின்ற பால்மரங்கள்தான். நடுவில் தொடக்கூடாத மரம் என்றதும் ஒருவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. துரை பங்களாவின் வேலிக்குள் நின்ற ரம்புத்தானை எல்லாரும் பார்த்திருந்தோம். சாயங்காலக் குளிர்ச்சியில் தோட்டத்தில் உலாவும் சத்தம் கேட்டு ஆதாமும் ஏவாளும் ஒளிந்துகொண்டார்கள் என்ற இடத்தில் நான் பயந்திருக்கிறேன். துரையின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் நாங்களும் ஒளிவோம்.

இந்த வட்டாரத்துத் தோட்டங்களுக்கும் ஒரு ஆதியாகமம் உண்டு. பத்தாங் பெர்ஜுந்தை, இப்போதைய பெஸ்தாரி ஜெயா பக்கம் தெனமாரம் தோட்டம். பெயரைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், தென்னைமரம் கேட்கும். 1917இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்த நாட்டில் முதன்முதலாக வாணிகத்துக்குச் செம்பனை நட்ட இடம் அது. பின்னாளில் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு பெற்றவர். மேற்கு ஆப்பிரிக்காவில் பிறந்து, ஜாவா, சுமத்ரா வழியாக வந்த மரத்தை, தமிழ்ப் பெயர் கொண்ட மண்ணில், தமிழர்களின் உழைப்பில் நட்டார்.

கதை ஊன்றிய மண் மாறினால் செடிகொடியும் மாறித்தானே ஆக வேண்டும்? ஆதாமின் மீறலுக்குப் பின் நிலம் முள்ளோடு குருக்கும் முளைப்பிக்கும் என்கிறது பவர் வழித் தமிழ். குருக்கு என்பது தமிழ்நாட்டுக் கரம்பில் மஞ்சள் பூவோடு நிற்கும் பிரமதண்டு. இந்த மழை நாட்டில் நாங்கள் அதைக் கண்டதே இல்லை. "குருக்குன்னா என்ன, அப்பாயி?" என்று கேட்டேன். வாசற்படியிலிருந்து இறங்கி, கால்வாய் ஓரத்தில் படர்ந்திருந்த தொட்டாற்சிணுங்கியை விரலால் தொட்டார். இலை மூடிக்கொண்டது. தண்டிலிருந்த முள்ளைக் காட்டி, "இதான்யா" என்றார். அன்றிலிருந்து எனக்கு அதுதான் குருக்கு. இரண்டு செடிகளுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை என்று பெரியவனான பிறகு படித்தேன். ஆதாமுக்கு முளைத்தது இவை இரண்டுமில்லை. ஆனால் செம்பனைக் குலையின் முள் ஏறிப் பழுத்த கையோடு வரும் எங்கள் சித்தப்பாவுக்கு, அந்த வசனத்தை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அத்தி இலையும் அப்படித்தான். மூலக்கதையின் அத்தி, விரித்த கைபோல அகன்ற இலை உடையது. நம்மூர் அத்திக்கு இலை சிறியது. ஞாயிறு பள்ளி நாடகத்தில் ஆதாமும் ஏவாளும் வாழை இலை கட்டி நின்றார்கள். கனியைப் பற்றி வேதம் கனி என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. ஐரோப்பாவிலிருந்து வந்த படத்தாளில் அது ஆப்பிள். கிறிஸ்துமஸுக்கு ஒன்று வாங்கி எட்டாக நறுக்கும் பழம் ஆப்பிள். அதைத் தின்றதற்காகத் தண்டனை என்றபோது எங்களுக்கு ஏவாள்மேல் கோபமே வரவில்லை.

இனிச் சொல்லப்போவது எனக்கு முக்கியமானது. இந்தக் கதையின்மேல் திருச்சபை ஒரு பெரிய போதனையைக் கட்டியது. ஒரே மனிதனால் பாவமும் அதனால் மரணமும் உலகத்துக்குள் வந்தன என்று ரோமருக்கு எழுதினார் பவுல். அந்த ஒருவனுக்கு எதிரே கிறிஸ்துவை நிறுத்தினார். நான்காம் ஐந்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த அகுஸ்தீன், அந்தப் பாவம் பிறப்பிலேயே ஒட்டிக்கொண்டு வருகிறது என்று வகுத்தார். தமிழில் அது ஜென்மப் பாவம். இந்தச் சொல் தோட்டத்தில் ஏற்படுத்திய குழப்பம் கொஞ்சமல்ல. ஒவ்வொரு தோட்டத்திலும் மாரியம்மன் கோயில் உண்டு. போன ஜென்மத்தில் செய்த பாவம் என்று பேசுவது அங்கே அன்றாடம். லயத்தில் இரண்டும் ஒன்றாகவே கேட்டன. உன் கஷ்டம் உன் பிறப்போடு வந்தது என்று அர்த்தமானது. நம் மலாய் அண்டை வீட்டார் நம்பும் குர்ஆனில் ஆதமும் அவர் மனைவியும் சேர்ந்தே தவறுகிறார்கள், வருந்துகிறார்கள், மன்னிக்கப்படுகிறார்கள். பிள்ளைகளுக்குப் பாவம் இறங்குவதில்லை. ஒரே கதைதான். எங்கே அழுத்திச் சொல்கிறோம் என்பதில் மனிதனின் முதுகு நிமிர்வதும் வளைவதும் இருக்கிறது.

எங்கள் பிரசங்கங்களில் மூன்றாம் அதிகாரமே அதிகம் ஒலித்தது. வேலை சாபம், பிரசவ வேதனை சாபம், பெண் சபிக்கப்பட்டவள். பிற்பாடு நானே வரி வரியாகப் படித்தேன். சாபம் என்ற சொல் பாம்பின்மேல் விழுகிறது, நிலத்தின்மேல் விழுகிறது. அவனுக்கும் அவளுக்கும் வேதனையும் வியர்வையும் சொல்லப்படுகின்றன. இருவரில் ஒருவரையும் கடவுள் சபித்ததாக அங்கே இல்லை. வேலையும் வீழ்ச்சிக்கு முன்பே கொடுக்கப்பட்டது, அது மரியாதை. அதற்கும் முன்னால், முதல் அதிகாரத்தில், ஆணும் பெண்ணுமாகக் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டார்கள் என்று இருக்கிறது. தண்டலுக்குப் பயந்து நின்ற என் அப்பாவிடம், நீ கடவுளின் சாயல் என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்? அதைச் சொல்லாமல் வீழ்ச்சியை மட்டும் சொன்னது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

இன்னொரு வரியும் உண்டு. வெளியே அனுப்புவதற்கு முன், கடவுள் தோலினால் உடை செய்து இருவருக்கும் உடுத்துகிறார். ஏதேன் தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் வெற்று உடம்போடு போகவில்லை.

எங்கள் தோட்டங்களில் அப்படி நடக்கவில்லை. ஐம்பதுகளின் இறுதியில், தோட்டங்களைக் கூறு போட்டு விற்கும் துண்டாடல் வந்தது. அதைக் கண்டு துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, அப்புறம் நிலமே கை மாறியது. நைஜல் கார்ட்னர், மேரி, சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் ஆட்கள் ஒரு வீட்டுக்காகப் பல்லாண்டு அலைந்ததை இந்த வட்டாரமே அறியும். எங்கள் குடும்பம் தோட்டத்தை விட்டு ஐந்தாம் எண் சாலையைப் பிடித்து, தஞ்சோங் காராங் தாண்டி, செகிஞ்சான் நெல்வயல் ஓரம் வந்து ஒதுங்கியது. லாரியில் ஏறியவற்றில் இந்தப் புத்தகமும் ஒன்று.

அட்டையைத் திறந்தால் ஆதியாகமத்துக்கு முன்னால் ஒரு வெற்றுத் தாள். அதில் தாத்தாவின் கையெழுத்தில், ஊதா மையில், பதினொரு பெயர்கள். பிறந்த தேதி, சிலவற்றுக்கு ஞானஸ்நானத் தேதி, தோட்டத்தின் டிவிஷன் எண். மூன்றாவது பெயருக்கு எதிரே இறந்த தேதி இல்லை. 'சயாம்' என்று ஒரே சொல். ஜப்பான்காரன் காலத்தில் ரயில் பாதை போடக் கொண்டுபோன தாத்தாவின் தம்பி அவர். அவர் இந்த உலகத்தில் இருந்தார் என்பதற்கு எங்களிடம் இருக்கும் ஒரே எழுத்து அதுதான். தோட்ட ஆபீஸ் பதிவேடு எங்கே போனதோ, லயமும் இடிந்துவிட்டது. ஆதியாகமத்தின் ஐந்தாம் அதிகாரம் முழுவதும் ஆதாமின் சந்ததியார் பெயர்கள்தான். பிறந்தார், இன்னாரைப் பெற்றார், மரித்தார். சிறுவயதில் தாண்டிப் போய்விடுவேன். இப்போது அதைத்தான் நிறுத்திப் படிக்கிறேன்.

கோல சிலாங்கூரிலோ, ஈஜோக்கிலோ, பெஸ்தாரி ஜெயாவிலோ, சபாக் பெர்ணத்திலோ உங்கள் வீட்டில் இப்படி ஒரு பழைய வேதப் புத்தகம் இருந்தால், கிழிந்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முதல் தாளைத் திறந்து, அங்கே எழுதியிருக்கும் பெயர்களை இன்றே ஒரு நோட்டில் படி எடுத்து, ஒரு படமும் பிடித்து, பிள்ளைகளிடம் கொடுத்து வையுங்கள்.