யாரை முன்வைத்த எழுத்து? கார்ன்வால் இலக்கிய வரலாற்றுக்கு ஓர் அளவுகோல்

கார்ன்வாலின் இலக்கியம் பெரும்பாலும் இரண்டு தனித்தனி வரலாறுகளாகவே எழுதப்பட்டுவந்திருக்கிறது. முதலாவது கார்னிஷ் மொழியின் வரலாறு. இடைக்கால விவிலிய நாடகங்களில் தொடங்கி, மௌஸ்ஹோல் ஊரின் மீன்காரி டாலி பென்ட்ரீத் 1777-இல் இறந்ததோடு அது முடிந்துபோகிறது. இருபதாம் நூற்றாண்டின் மீட்பு முயற்சி பின்னிணைப்பாகச் சேர்கிறது. இரண்டாவது ஆங்கிலத்தில் எழுதியவர்களின் வரலாறு. குயில்லர்-கௌச், டாஃப்னி டு மோரியர், சார்லஸ் காஸ்லி என்று நீளும் அந்த வரிசையை ஆங்கில இலக்கியத்தின் ஒரு வட்டாரக் கிளையாகவே எண்ணிப் பழகிவிட்டோம். பிரையன் மர்டாக்கின் 1993-ஆம் ஆண்டு நூல் கார்னிஷ் மொழிப் பனுவல்களையே பொருளாகக் கொண்டது. ஆலன் கென்ட் 2000-இல் இரண்டையும் ஒரே வரலாறாக இணைத்து எழுதினார். அந்த இணைப்பு சரியானது என்பதே என் நிலைப்பாடும். ஆனால் எதை வைத்து இணைப்பது என்ற கேள்வி மிஞ்சுகிறது.

மொழியை அளவுகோலாக்கினால் சுரங்கக் கவிஞர் ஜான் ஹாரிஸ் வெளியே போய்விடுவார். பிறப்பை அளவுகோலாக்கினால் நியூகேயில் பிறந்தார் என்பதற்காக வில்லியம் கோல்டிங் உள்ளே வருவார். லண்டனில் பிறந்த டு மோரியருக்கு இடமிருக்காது. நிலக்காட்சியை வைத்து அளந்தால் கோடை விடுமுறைக்கு வந்து ஒரு நாவல் எழுதிப்போனவருக்கும் இடம் கொடுக்க வேண்டியிருக்கும். நான் முன்வைக்கும் அளவுகோல் வேறு: ஒரு பனுவல் யாரைத் தன் எதிரே உட்கார்த்திக்கொண்டு பேசுகிறது? கார்ன்வால் மக்களை அவையாகக் கொண்ட எழுத்தே, எந்த மொழியில் இருந்தாலும், கார்ன்வால் இலக்கியத்தின் நடு இழை. அந்த இழை அறுந்த இடங்களும் மீண்டும் முடிச்சுப் போடப்பட்ட இடங்களுமே அதன் உண்மையான காலப்பிரிவுகள்.

சான்றுகளில் முதன்மையானது 'ஓர்டினாலியா'. பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவான இந்த மூன்று நாடகங்களும் உலகின் தோற்றம், கிறிஸ்துவின் பாடுகள், உயிர்த்தெழுதல் ஆகியவற்றை மூன்று நாள் கூத்தாக விரிக்கின்றன. வசனம் கார்னிஷ், மேடைக்குறிப்புகள் இலத்தீன். ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் உள்ள கையெழுத்துப் படியில் ஒவ்வொரு நாடகத்துக்கும் ஒரு வட்ட வரைபடம் உண்டு. விளிம்பைச் சுற்றி விண்ணகம், நரகம், அரசர்கள் ஆகியோருக்கான இருக்கைகள் குறிக்கப்பட்டிருக்கின்றன, நடுவே ஆடுகளம். கார்ன்வாலில் பிளேன்-அன்-குவாரி என்று வழங்கும் மண்கரை சூழ்ந்த வட்டக்களரிகளுக்கு இந்த வரைபடம் அப்படியே பொருந்துகிறது. செயின்ட் ஜஸ்ட் ஊர் நடுவிலும் பெர்ரன் ரவுண்டிலும் இன்றும் அத்தகைய களங்களைக் காணலாம். கரையில் அமர்ந்திருப்பவருக்குக் களத்துக்கு அப்பால் தெரிவது எதிர்க்கரையில் இருக்கும் அயலாரின் முகம். ஊர் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் அமைப்பு இது.

பனுவலும் அவ்வாறே பேசுகிறது. விவிலிய அரசர்கள் தம் ஏவலர்களுக்குப் பரிசாக அளிக்கும் நிலங்கள் எருசலேமைச் சேர்ந்தவை அல்ல; பென்றின் நகரைச் சுற்றியுள்ள பண்ணைகளும் கிராமங்களும். இவ்வூர்ப் பெயர்களை வைத்தே ஆய்வாளர்கள் இந்நாடகங்களைப் பென்றினில் 1265-இல் நிறுவப்பட்ட கிளாஸ்னி குருமார் கல்லூரியோடு தொடர்புபடுத்துகின்றனர். ஆனால் இப்பெயர்களின் பயன், ஆசிரியர் எந்த ஊர்க்காரர் என்று துப்புக் கொடுப்பதோடு நிற்பதில்லை. தான் வரி கட்டும் நிலத்தின் பெயரைச் சாலமோனின் வாயிலிருந்து கேட்கும் உழவனின் சிரிப்பையும் திகைப்பையும் கணக்கில் வைத்தே அந்த வரிகள் எழுதப்பட்டுள்ளன. முதல் நாள் முடிவில் நாளைக் காலை நேரத்தோடு வாருங்கள் என்று அவையோருக்கு அழைப்பு விடுக்கப்படுகிறது. கடைசி நாள் முடிவில் ஆடிக் களிக்கக் குழல் ஊதச் சொல்கிறார்கள். தனக்கு முன் இருப்பவர் யார் என்பதில் இதைவிடத் தெளிவான பனுவலைக் காண்பது அரிது.

1504-ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படியில் கிடைக்கும் 'பியூனன்ஸ் மெரியாசெக்' இதையே வேறு வகையில் செய்கிறது. கேம்போர்ன் ஊரின் காவல் புனிதரான மெரியாசெக்கைக் கொடுங்கோலன் தியூடார் விரட்டுகிறான். கார்ன்வால் கோமகன் அந்தத் தியூடாரை எதிர்த்துப் போரிடுகிறான். செயின்ட் கெவர்ன் கொல்லன் மைக்கேல் ஜோசஃபும் பாட்மின் வழக்கறிஞர் தாமஸ் ஃபிளாமங்கும் 1497-இல் டியூடர் அரசன் ஏழாம் ஹென்றியின் வரிக்கு எதிராக லண்டன் வரை படை நடத்தித் தூக்குமேடை ஏறினார்கள். ஏழே ஆண்டுகளில் தியூடார் என்ற பெயர் அவை நடுவே ஒலிக்கிறது. தியூடார் பழைய புனிதர் கதைகளிலேயே வரும் பாத்திரம் என்பதால், நாடகாசிரியர் அரசனைத்தான் குறித்தார் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் கேட்டவர்களின் காதில் அப்பெயர் எப்படி விழுந்திருக்கும் என்பதில் எனக்கு ஐயம் இல்லை.

இழை அறுந்தது 1777-இல் அல்ல, 1548-49-இல். கிளாஸ்னி கல்லூரி 1548-இல் கலைக்கப்பட்டது. எழுதக் கற்ற குருமார், படியெடுக்கும் வசதி, நாடகத்தை நடத்தும் அமைப்பு எல்லாம் ஒருசேரக் குலைந்தன. மறு ஆண்டு ஆங்கில வழிபாட்டு நூல் கட்டாயமாக்கப்பட்டபோது மேற்குக் கிளர்ச்சி வெடித்தது. எங்களில் சிலருக்கு ஆங்கிலம் தெரியாது என்று கிளர்ச்சியாளர் தம் கோரிக்கைகளிலேயே எழுதினார்கள். கிளர்ச்சி இரத்தத்தில் முடிந்தது. வேல்ஸில் 1567-இல் புதிய ஏற்பாடும் 1588-இல் முழு விவிலியமும் வேல்ஷ் மொழியில் அச்சேறின. கார்னிஷ் மொழிக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. ஜான் ட்ரெகியர் 1550-களில் பன்னிரண்டு மறையுரைகளைக் கார்னிஷில் மொழிபெயர்த்தார். அந்தப் படி ஆய்வாளர் கண்ணில் பட்டதே 1949-இல்தான். ஞாயிறுதோறும் பங்குக் கோயிலில் கூடிய மக்கள் மறைந்துபோகவில்லை. அவர்களிடம் கார்னிஷில் பேசும் நூல்தான் இல்லாமற்போயிற்று.

மொழி அதன்பிறகும் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் பேசப்பட்டது; பழைய கூத்துகளும் உடனே நின்றுவிடவில்லை. ரிச்சர்ட் கேரூ 1602-இல் வெளியிட்ட கார்ன்வால் விவரண நூலில் இந்தக் கூத்துகளை விவரிக்கிறார். நடிகர்கள் வசனத்தை மனப்பாடம் செய்வதில்லை. கையில் ஏட்டுடன் ஒருவர் பின்னாலேயே நின்று தாழ்ந்த குரலில் எடுத்துக் கொடுக்க, அவர்கள் உரக்கச் சொல்வார்கள். கேரூவின் எழுத்தில் ஓர் ஏளனம் உண்டு. இருந்தாலும் மக்கள் நாலாபுறத்திலிருந்தும் பல மைல் தொலைவு வந்து கூடினார்கள் என்பதை அவரே பதிவு செய்கிறார்.

பதினேழாம் நூற்றாண்டு இறுதியில் நிலைமை முற்றிலும் வேறு. நியூலினின் நிக்கலஸ் போசன் வசதியான குடும்பத்துப் பிள்ளை. வேலைக்காரர்கள் அவரிடம் கார்னிஷில் பேசக் கூடாது என்று தாய் தடுத்திருந்தார். வளர்ந்து மீன் வணிகத்தில் இறங்கிய பிறகே அவர் மொழியைக் கற்றுக்கொண்டார். அவரும் ஜான் கீக்வின் போன்ற நண்பர்களும் கடிதங்கள், கவிதைகள், மொழிபெயர்ப்புகள் எழுதித் தமக்குள் பரிமாறிக்கொண்டார்கள். வேல்ஸ் அறிஞர் எட்வர்ட் லூய்ட் 1707-இல் வெளியிட்ட நூலில் ஒரு கார்னிஷ் நாட்டுப்புறக் கதை அச்சானது. அப்போதும் கடற்கரையில் மீனவர்கள் கார்னிஷ் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் இந்த எழுத்துகள் அவர்களுக்காக எழுதப்பட்டவை அல்ல. மீனவர் வில்லியம் போடினார் 1776-இல் கார்னிஷிலும் ஆங்கிலத்திலும் எழுதிய கடிதமும், சிறுவனாகக் கடலுக்குப் போனபோது கிழவர்களிடமிருந்து தான் கற்றதை வெளியூர் அறிஞர் ஒருவருக்குத் தெரிவிக்கும் சாட்சியமே. மொழி உயிரோடிருக்க, அவை மட்டும் கலைந்துவிட்ட காலம் இது.

முடிச்சு மீண்டும் விழுந்தது ஆங்கிலத்தில். ஜான் ஹாரிஸ் (1820-1884) கேம்போர்ன் பக்கத்தில் பிறந்து, சிறுவயதிலேயே டால்கோத் சுரங்கத்தில் இறங்கியவர். மை வாங்கக் காசில்லாமல் பிளாக்பெர்ரிப் பழச்சாற்றில், தேயிலை சுற்றி வந்த தாளில் கவிதை எழுதினார். மெதடிஸ்ட் சபையில் உரையாற்றியும் வந்தார். அவருடைய யாப்பு ஆங்கிலக் கவிதை மரபிலிருந்து கற்றது. அதில் தேய்ந்த சொற்கள் நிறைய உண்டு என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஏணிகளையும் வெடிமருந்தையும் நிலத்தடி இருளையும் அவர் பாடும்போது, அவற்றை அறிந்தவர்களிடையே நின்று பாடுகிறார். கேம்போர்ன் மக்களை அவையாகக் கொண்ட மெரியாசெக் நாடகத்துக்கும் அவருக்கும் இடையே மூன்றரை நூற்றாண்டும் ஒரு மொழிமாற்றமும் இருக்கின்றன. அவை மட்டும் அதே ஊர்.

ஜாக் கிளெமோ (1916-1994) செயின்ட் ஆஸ்டல் பகுதியின் சீனக் களிமண் குழிகளுக்கிடையே, தொழிலாளி மகனாகப் பிறந்தார். செவித்திறனையும் பின்னர் பார்வையையும் இழந்த அவர் முதலில் எழுதியவை உள்ளூர்ப் பஞ்சாங்க வெளியீடுகளில் வந்த வட்டார வழக்குக் கதைகளே. பின்னாளில் அவருடைய வாதம் கடவுளோடு. ஆனால் அந்த வாதத்துக்குக் களம் வெள்ளைக் கழிவுமேடுகள்தான். காஸ்லி, தான் பிறந்த லான்ஸ்டனிலேயே ஆசிரியராக இருந்து, கதைப்பாடல் வடிவத்தை விடாமல் கையாண்டார். கண்ணால் படிக்கும் கவிதை கோலோச்சிய காலத்தில் காதுக்காக எழுதினார்.

டு மோரியரின் 'ஜமைக்கா இன்' (1936) வேறு வகை. பாட்மின் மேட்டுநிலம் அதில் அச்சமும் மர்மமும் கலந்த காட்சியாக விரிகிறது. காட்டப்படுவது கார்ன்வால், பார்ப்பவர் வெளியூர் வாசகர். எழுத்தின் வலிமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. 'வானிஷிங் கார்ன்வால்' (1967) எழுதும்போது அவருக்கு அந்த நிலத்தின் மேலிருந்த பற்றும் கவலையும் மெய்யானவை. ஆயினும் கார்ன்வாலைப் பற்றிய இலக்கியத்தையும் கார்ன்வாலின் இலக்கியத்தையும் ஒன்றாக்கியதால்தான் ஹாரிஸ் போன்றவர்கள் அடிக்குறிப்புகளாகிப்போனார்கள்.

மொழி மீட்பாளர்கள் இதே சிக்கலை மறுமுனையிலிருந்து சந்தித்தார்கள். ஹென்றி ஜென்னர் 1904-இல் கையேடு வெளியிட்டார். 1928-இல் கோர்செத் என்னும் புலவர் மன்றம் கூடியது. ராபர்ட் மோர்டன் நான்ஸ் இடைக்கால நாடகங்களை ஒட்டி எழுத்துமுறையை ஒழுங்குபடுத்தினார். கார்னிஷில் முதல் முழுநீள நாவலான மெல்வில் பென்னெட்டோவின் படைப்பு 1984-இல்தான் வந்தது. எழுத்து முதலில் பிறந்து, வாசகர் பின்னால் உருவாக வேண்டியிருந்தது. எந்த எழுத்துமுறை சரி என்பதில் பல ஆண்டுகள் பிணக்கு நீடித்து, 2008-இல்தான் பொது எழுத்துமுறைக்கு உடன்பாடு எட்டப்பட்டது. அந்தப் பிணக்கை வீண்சண்டை என்று ஒதுக்குவது நியாயமல்ல. யாருக்காக எழுதுகிறோம் என்ற கேள்வியும் அதனுள் இருந்தது.

பெர்ரன் ரவுண்டில் 1969-இல் 'ஓர்டினாலியா' மீண்டும் அரங்கேறியபோது அதை நடத்தியது பிரிஸ்டல் பல்கலைக்கழக நாடகத் துறை. 2000-களின் தொடக்கத்தில் செயின்ட் ஜஸ்ட் வட்டக்களரியில் அது நடந்தபோது ஊர்மக்களே ஆடினார்கள். வசனம் பெரும்பாலும் ஆங்கிலம். முதலாவது ஓர் ஆய்வரங்கின் சாதனை. இரண்டாவது, தன் அவையை மீட்டுக்கொண்ட கார்ன்வால் இலக்கியம்.