மைல் பேசிய மீட்டர்



வரலாற்றுக் கட்டுரை என்றால் மாமன்னர்களைப் பற்றி எழுதுவதுதான் விழா மலர்களின் வழக்கம். இந்த முறை உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளின் மீட்டரைப் பற்றி எழுதுகிறேன். புத்தகத்தில் இதை வேகமானி என்பார்கள். அது சரியாகத்தான் காட்டுகிறதா என்று எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா? "வண்டி ஓடுதில்ல, அது போதும்" என்பதுதான் நம்மில் பலரின் பதில். என் பெரியப்பாவும் அப்படிச் சொன்னவர்தான்.

நம் பெரியவர்கள் தூரத்தைக் 'கட்டை' என்ற கணக்கில் சொல்வார்கள். மூணாங்கட்டைக் கடை, ஏழாங்கட்டைத் தோட்டம் என்றால் எல்லாருக்கும் புரியும். ஒரு கட்டை என்றால் ஒரு மைல். மலாய்க்காரர்களும் கல்லைக் குறிக்கும் 'பத்து' என்ற சொல்லையே மைலுக்கும் வைத்துக்கொண்டார்கள். (நம் ஒன்பதுக்கு அடுத்த பத்து அல்ல!) வெள்ளைக்காரன் போட்ட சாலையில் வெள்ளைக்காரன் அளவு. அக்காலத்தில் பெடாஸ் வழியாகப் போன பி.எஸ்.ஏ., டிரையம்ப் போன்ற ஆங்கில வண்டிகளின் மீட்டரிலும் மைல்தான் எழுதியிருந்தது.

பிறகு 1972-இல் நம் நாட்டில் எடை, அளவுச் சட்டம் வந்தது. கட்டி போய்க் கிலோ வந்தது; கெஜம் போய் மீட்டர் வந்தது. சாலையிலும் மைல் போய்க் கிலோமீட்டர் வந்தது. இவையெல்லாம் ஒரே நாளில் நடக்கவில்லை, படிப்படியாகத்தான் மாறின. மீன் கடையில் குழப்பம் வந்தால் ஐந்து காசு, பத்துக் காசோடு போகும். சாலையில் வந்தால் அப்படிப் போகாது.

பலகைகள் மாறிய அந்தக் காலத்தில் என் பெரியப்பா ஒரு பழைய ஆங்கில வண்டி வைத்திருந்தார். கடைத்தெரு அருகே '50' என்று புதுப் பலகை நட்டார்கள். முன்பெல்லாம் 30-க்கு மேல் போகக்கூடாத இடம் அது. "கவர்மெண்டே வேகமாப் போகச் சொல்லுது பாரு" என்று முள்ளை 50-இல் நிறுத்தி ஓட்டினார். பலகை சொன்னது கிலோமீட்டர், முள் சொன்னதோ மைல். 50 மைல் என்றால் 80 கிலோமீட்டர்! மிட்டாய்க் கடையிலிருந்து ஒரு பையன் குறுக்கே ஓடி வந்தான். பெரியப்பா வண்டியை ஒடித்துக் கால்வாயில் விழுந்தார். பையனுக்கு ஒன்றுமில்லை, அவருக்குக் கை எலும்பு முறிந்து மூன்று மாதம் பால் வெட்டப் போக முடியவில்லை. அந்த மூன்று மாதமும் பெரியம்மா ஒருவர் சம்பளத்தில்தான் வீடு நடந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 50 கிலோமீட்டரில் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர் போவோம். 80 கிலோமீட்டரில் 22 மீட்டர். பிரேக் பிடித்தபின் வண்டி நிற்க ஆகும் தூரமோ வேகத்தின் வர்க்கத்தில் கூடும். அதாவது இரண்டரை மடங்குக்கும் மேல்.

பெரியப்பாவின் மீட்டரில் குறை ஒன்றுமில்லை, அது பேசிய அளவுதான் வேறு. ஆனால் கிலோமீட்டர் எழுதிய மீட்டரும் தவறாகக் காட்டுவதுண்டு. ஏன் என்று தெரிய அதன் உள்ளே பார்க்க வேண்டும்.

1824-இல் பிரான்சு நாட்டு அறிஞர் அராகோ ஒரு வேடிக்கையைக் கண்டார். செப்புத் தட்டைச் சுழற்றினால், அதைத் தொடாமல் மேலே தொங்கும் காந்த ஊசியும் கூடவே இழுபட்டது. செம்பைக் காந்தம் இழுக்காதே, பின் எப்படி? தட்டில் உண்டாகும் மின்னோட்டமே காரணம் என்று சில ஆண்டுகள் கழித்து ஃபாரடே விளக்கினார். இதையே கருவியாக்கி, 1902-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து ஓட்டோ ஷுல்ட்சே வேகமானிக்கு உரிமை பெற்றார். சக்கரம் சுழல்வதைக் கேபிள் மேலே கொண்டு போகிறது. அங்கே ஒரு காந்தம் சுழல்கிறது. அது அலுமினியக் கிண்ணம் ஒன்றைத் தொடாமலே திருகப் பார்க்கிறது. மெல்லிய சுருள்வில் கிண்ணத்தைப் பிடித்து இழுக்கிறது. இந்த இரண்டு இழுப்பும் சமமாகும் இடத்தில் முள் நிற்கிறது.

1958-இல் ஜப்பானில் வெளிவந்த ஹோண்டா சூப்பர் கப் வண்டியிலும் இதே ஏற்பாடுதான். அதே ஆண்டில் பினாங்கு வணிகர் லோ பூன் சியூ ஹோண்டா வண்டிகளை மலாயாவுக்குக் கொண்டுவந்தார். அந்தக் கப்தான் நம் வாயில் 'கப்சாய்' ஆயிற்று. 2017-க்குள் உலகமெங்கும் பத்துக் கோடி சூப்பர் கப் வண்டிகள் செய்து முடித்தார்கள்.

காந்தம் வயதாகி வலுக்குறைந்தால் முள் குறைத்துக் காட்டும். சுருள்வில் தளர்ந்தால் கூட்டிக் காட்டும். கேபிள் காய்ந்து போனால் முள் நடுங்கும். அதற்காகக் கேபிள் முழுக்கக் கிரீஸை அப்பிவிடாதீர்கள். மேல் பக்கம் ஒரு சாண் நீளத்துக்குப் பூசாமல் விடுங்கள். இல்லாவிட்டால் கிரீஸ் மீட்டருக்குள் ஏறிக் கிண்ணத்தைக் காந்தத்தோடு ஒட்டவைத்து முள்ளைத் துள்ளச் செய்யும்.

டயரைப் பற்றியும் கேட்பார்கள். முன்சக்கரத்தில் 2.25 டயரைக் கழற்றி 2.50 போட்டால் சுற்றளவு ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டு பங்கு கூடும். மீட்டர் 60 காட்டும்போது வண்டி 61-ஐத் தாண்டிப் போகும். தேய்ந்த டயரில் இதற்கு நேர்மாறு. பெரிய பாதகமில்லை. பின்சக்கரப் பல்சக்கரத்தை மாற்றினால் மீட்டர் கெடும் என்பார்கள் சிலர். கேபிள் முன்சக்கரத்திலிருந்து வரும் வண்டியில் அப்படி ஆகாது. கேபிளே இல்லாத மின் மீட்டர் வண்டிகளுக்கும் இந்த டயர்க் கணக்கு உண்டு.

இன்னொரு செய்தி. பல நாடுகள் பின்பற்றும் ஐக்கிய நாடுகள் விதி ஒன்று 1978-இல் நடப்புக்கு வந்தது. மீட்டர் உண்மை வேகத்தைவிடக் கூட்டிக் காட்டலாம், அதற்கும் ஓர் எல்லை உண்டு. குறைத்து மட்டும் காட்டவே கூடாது என்கிறது அது. ஆகவே புது வண்டியின் முள் கொஞ்சம் கூட்டிச் சொன்னால் கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். குறைத்துச் சொன்னால்தான் பயப்பட வேண்டும்.

இனிச் சோதிக்கும் வழி. முதலில் மீட்டருக்குள் ஓடும் தூர எண்ணைப் பாருங்கள். அது பல்சக்கரத்தால் நேராக ஓடுவது. காந்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சாலையோரக் கற்களின்படி 10 கிலோமீட்டர் போனபின் எண்ணும் 10 கூடியிருந்தால் டயரிலும் கேபிளிலும் குறையில்லை. பிறகும் வேக முள் தவறினால் காந்தமோ வில்லோதான் காரணம்; பட்டறைக்குப் போங்கள்.

அடுத்தது கடிகாரம். ஆள் நடமாட்டமில்லாத நேரான சாலையில் முள்ளை 60-இல் அசையாமல் வைத்து ஓட்டுங்கள். கடிகாரத்தைப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்தான் பார்க்க வேண்டும், ஓட்டுபவர் பார்க்கக் கூடாது. ஒரு கிலோமீட்டர்க் கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குச் சரியாக 60 விநாடி ஆனால் மீட்டர் சரி. 66 விநாடி ஆனால் உண்மை வேகம் 54 சொச்சம்தான். 55 விநாடியிலேயே போய்விட்டால் 65-க்கு மேல் ஓடியிருக்கிறீர்கள். முள் உங்களை ஏமாற்றுகிறது. கைப்பேசியும் இப்போது செயற்கைக்கோளைக் கொண்டு வேகம் சொல்கிறது. அதையும் பின்னால் இருப்பவர் கையிலேயே கொடுங்கள்.

பெரியப்பா கை கூடியபின் செய்த முதல் வேலை, மீட்டர்க் கண்ணாடியில் சிவப்புச் சாயத்தால் ஒரு கோடு போட்டது. 31 மைலுக்கு நேராக. "இது அம்பது, தம்பி. இதுக்கு மேல முள்ளு போனா நீ என்னை அதட்டலாம்" என்று என்னிடம் சொன்னார். வண்டியை விற்கும்வரை அந்தக் கோடு அப்படியே இருந்தது.

ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு கணக்கு: அப்பாவின் மீட்டர் 50 காட்டுகிறது. ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு 80 விநாடி ஆகிறது. மீட்டர் எவ்வளவு கூட்டிச் சொல்கிறது? 3,600-ஐ விநாடியால் வகுத்துப் பார்த்து, விடையை இன்றிரவே அப்பாவிடம் சொல்லுங்கள்.