ஆழ்வான் ஒளிப்படம்

ஒண்முகில், விண்மீன் கொத்து, விண்மீன் மண்டலம் போன்ற மங்கலான வான்பொருள்களைத் தொலைநோக்கிவழி நெடுநேரம் பதிவுசெய்யும் முறை. ஒரே இலக்கைப் பலமுறை எடுத்து, சிரில், டீப்ஸ்கைஸ்டாக்கர் போன்ற இலவச மென்பொருள்களில் அடுக்குவர். 16 படங்களின் சராசரியில் தற்செயல் இரைச்சல் நான்கில் ஒரு பங்காகும்.

மூடியிட்டு எடுக்கும் இருள்படம் உணரியின் வெப்பக் குறைகளைக் கழிக்கும். சீரான வெளிச்சத்தில் எடுக்கும் சமவொளிப்படம் தூசியின் வளைய நிழல்களை நீக்கும். தூசியைக் காற்றூதியால் அகற்றுவதே முதற்படி. உலர்துணியால் தேய்த்தால் பூச்சு கீறும். கடலூர் போன்ற கடலோர மாவட்டங்களின் ஈரக்காற்றில் வில்லை மேல் பனி படியும். அதைத் தடுக்கச் சூடேற்றும் பட்டை சுற்றுவர்.

பெரிய கருவிகளுக்கும் பராமரிப்பு வேண்டும். காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில் 1986இல் நிறுவப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியின் ஆடிக்குப் புது அலுமினியப் பூச்சிட, அங்கேயே வெற்றிடக்கலம் உண்டு.