கேட்ட காதும் கேளாத காதும்

'சொன்ன பேச்சு கேட்காத பிள்ளை' என்கிறோம். பிள்ளைக்குக் காது மந்தம் என்று யாரும் பொருள் கொள்வதில்லை. எபிரெய மொழியிலும் இதே கதைதான். 'ஷாமா' என்றால் கேட்பது; கீழ்ப்படிவதற்கும் அதே சொல். கடவுளுக்குக் கீழ்ப்படிதல் என்றதும் பலரும் சவுல் ராஜாவின் கதைக்குப் போய்விடுவார்கள். எனக்கு எரேமியா புத்தகத்தின் 35, 36-ஆம் அதிகாரங்கள்தான் நினைவுக்கு வரும்.

யூதாவை யோயாக்கீம் ஆண்ட காலம் (கி.மு. 609–598). பாபிலோன் படைக்குப் பயந்து ரேகாபியர் என்ற கூடாரவாசிகள் எருசலேமுக்குள் வந்து தங்கியிருந்தார்கள். அவர்களுடைய மூதாதை யோனதாப், கி.மு. 841 வாக்கில் அரசனான யெகூவின் காலத்தவர். தம் சந்ததிக்கு அவர் இட்ட கட்டளை: திராட்சரசம் குடிக்காதே, வீடு கட்டாதே, விதைக்காதே, தோட்டம் வைக்காதே, கூடாரத்திலேயே வாழு.

எரேமியா அவர்களை ஆலயத்தின் ஓர் அறைக்கு அழைத்துப்போய், குடம் நிறையத் திராட்சரசமும் கிண்ணங்களும் வைத்து, குடியுங்கள் என்றார். சொல்பவர் தீர்க்கதரிசி, இடமோ ஆலயம். ஆனாலும் மறுத்துவிட்டார்கள்.

வீடு கட்டுவது பாவம் என்று எரேமியா சொல்லவில்லை. பாபிலோனுக்குச் சிறைபோனவர்களுக்கு, அங்கே வீடு கட்டுங்கள், தோட்டம் வையுங்கள் என்று கடிதம் எழுதியவரே அவர்தான். செத்து 200 ஆண்டுக்கு மேலான ஒரு பாட்டனின் சொல் இன்னும் கேட்கப்படுகிறது. ஆள்மேல் ஆள் அனுப்பிப் பேசுகிற கடவுளின் சொல்லை ஊரில் கேட்பாரில்லை. அவர் வழக்கு அவ்வளவுதான்.

அடுத்த அதிகாரத்துக்கு ஆண்டும் மாதமும் உண்டு: யோயாக்கீமின் ஐந்தாம் ஆண்டு, ஒன்பதாம் மாதம். கி.மு. 604 டிசம்பர் வாக்கு என்பது பெரும்பாலோர் கணக்கு. அன்று எருசலேமில் உபவாசம். ஏன் என்று வேதம் சொல்வதில்லை. பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் பாபிலோனியக் களிமண் பலகை ஒன்று, அதே ஒன்பதாம் மாதத்தில் நேபுகாத்நேச்சார் அஸ்கலோனைப் பிடித்ததைச் சொல்கிறது. அஸ்கலோன் பக்கத்துக் கடற்கரை ஊர். காரணத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

எரேமியா சொல்லச் சொல்ல பாருக் எழுதிய சுருள், குளிர்கால மாளிகையில் கணப்பருகே உட்கார்ந்திருந்த அரசன் முன் வாசிக்கப்பட்டது. மூன்று நான்கு பத்தி வாசித்ததும் அதைக் கத்தியால் அறுத்து நெருப்பில் போட்டான். அப்படியே முழுச் சுருளும் சாம்பலானது. எரிக்க வேண்டாம் என்று மூன்று அதிகாரிகள் கெஞ்சினார்கள். அவன் கேட்கவில்லை.

அந்த மூவரில் ஒருவர் கெமரியா, எழுத்தர் சாப்பானின் மகன். இந்தச் சாப்பான்தான் கி.மு. 622-இல், ஆலயத்தில் கண்டெடுத்த நியாயப்பிரமாணச் சுருளை யோசியா ராஜாவுக்கு வாசித்துக் காட்டியவர். அதைக் கேட்டு யோசியா தன் உடையைக் கிழித்துக்கொண்டான். யோசியாவின் மகன்தான் யோயாக்கீம். அப்பன் உடையைக் கிழித்தான், மகன் சுருளைக் கிழித்தான். எபிரெயத்தில் இரண்டுக்கும் ஒரே வினைச்சொல்!

பாருக் மறுபடி உட்கார்ந்து புதுச் சுருள் எழுதினார். இந்தத் தடவை இன்னும் அதிகமாகவே சேர்ந்தது. கோப்பை எரித்தால் விவகாரம் முடிந்தது என்று நினைப்பவர்கள் எல்லா அரசாங்கத்திலும் இருந்திருக்கிறார்கள்.

கி.மு. 586-இல் எருசலேமே எரிந்தது. 1982-இல் இகால் ஷிலோவின் குழு அங்கே தோண்டியபோது, எரிந்த வீடு ஒன்றில் 50 களிமண் முத்திரைகள் வரை கிடைத்தன. பத்திரங்களைக் கட்டிய நூலின்மேல் குத்திய முத்திரைகள் அவை. பத்திரங்கள் எரிந்துபோயின, பச்சைக் களிமண்ணோ அதே தீயில் சுட்டு இறுகி நின்றுவிட்டது. அதில் ஒன்றில் இருக்கும் பெயர் 'சாப்பானின் மகன் கெமரியா'. அரசனிடம் கெஞ்சியவர் இவரே என்பது ஆய்வாளர் பலருடைய முடிவு.